நீர்யானைக்குச் சாணி தெளித்த கதை

1

சாணி கரைத்துத் தெளிக்கலாம் என்ற யோசனை எனக்கு வந்தபோது காஃபுவே ஆற்றங்கரையில் முழங்காலிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணில் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றிலும் நான் பெருக்கிச் சமன் செய்து வைத்த பட்டையை இரவுக் காற்று துடைத்துவிட்டுப் போயிருந்தது. நீர்யானை வந்ததா, வரவில்லையா, பக்கத்து வீட்டு ஆடு மட்டும் நடந்து போனதா, எதையும் சொல்ல முடியாது. நம் ஊரில் ஆடிக் காற்று அடிக்கிற அதே நாட்களில் ஜாம்பியாவிலும் ஒரு காற்று அடிக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆப்பிரிக்காவில் விலங்கு ஆராய்ச்சி என்றதும் உங்களுக்கு ஜீப்பும் தொலைநோக்கியும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. என் முக்கியமான கருவி விளக்குமாறு. ஆற்றோரம் பெண்கள் போடும் தோட்டங்களில் எதற்குள் நீர்யானை நுழைகிறது, எதை விட்டுவிடுகிறது, ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும். இருட்டிய பிறகு கரையேறி மேயும். இருட்டில் அதன் பக்கத்தில் போய் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர், இரண்டாம் தடவை ஆசைப்பட உயிரோடு இருக்க மாட்டார். அதனால் தோட்டத்தைச் சுற்றி இரண்டு எட்டு அகலத்துக்கு மண்ணைப் பெருக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். விடிந்து போனால் யார் வந்தார்கள், எந்தப் பக்கம் நுழைந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் எல்லாம் மண்ணில் எழுதியிருக்கும். காற்று அடிக்காவிட்டால்.

அன்றைக்கு வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மதுரை வில்லாபுரத்து வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. ஊர் ஏக்கமெல்லாம் இல்லை. வேலைக்கு உதவுகிற ஞாபகம். சாணி தெளித்த ஈரத்தில் கோழி நடந்தால் அதன் நகம்கூடப் பதிந்து, காய்ந்து, சாயங்காலம்வரை அப்படியே கிடக்கும். தூசியும் கிளம்பாது. இங்கே சாணிக்கும் குறைவில்லை. காஃபுவே சமவெளியில் இருக்கும் டோங்கா மக்களுக்கு மாடுதான் சொத்து. ஒரு தகர வாளி, ஆற்றுத் தண்ணீர், பக்கத்துப் பட்டியிலிருந்து இரண்டு கை சாணி. தீர்ந்தது பிரச்சினை.

சின்ன வயதிலிருந்து நான் வெறுத்த வேலை அது. அம்மா வந்து போர்வையை உருவுவாள். "எந்திரிடி. வாசத் தெளிக்காமக் கெடக்கு, பால்காரன் வந்து பாத்துட்டுப் போறான். காலேஜு படிச்சா வாசத் தெளிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" நான் அரைத் தூக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். அந்தக் கைப்பழக்கம் அப்படியே இருந்தது. வலது கையால் அள்ளி, மணிக்கட்டைத் திருப்பி விசிறினேன். ஒரு இடத்தில் குட்டை கட்டவில்லை, ஒரு இடம் விட்டுப்போகவில்லை. அம்மா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

2

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். படிப்பு என்றால் பார்மலின் பாட்டிலுக்குள் மிதக்கும் தவளையும் மீனும்தான். உயிரோடு அசைகிற எதையாவது பார்க்க வேண்டும் என்று அரிப்பெடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியூர்க் கண்மாய்க்குப் போய்க் கொக்கும் நாரையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எருமை குளிப்பாட்ட வருகிறவர் ஒருவர் வாராவாரம் என்னைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்:

"என்னத்தா தேடுற? நகை கிகை தொலைஞ்சுபோச்சா?"

"இல்லண்ணே. கொக்கு எண்றேன்."

"எம்புட்டு இருக்கு?"

சொன்னேன்.

"சரி. எண்ணி?"

எண்ணி என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தருகிற இடம் எங்கேயாவது இருக்கும், அங்கே போக வேண்டும் என்ற அவசரம் அன்றைக்குப் பிடித்தது.

என் அம்மாவின் தம்பி ரொம்ப வருஷமாக ஜாம்பியாவில் மசபுகா என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு எழுதினேன். தலைநகரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் விலங்கு ஆராய்ச்சிக்கு மாணவர்களை எடுக்கிறார்கள் என்று அவர் விசாரித்துப் பதில் போட்டார். வீட்டில் பெரிய பஞ்சாயத்து. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியப்பா பஸ் பிடித்து வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"பொம்பளப் புள்ளைய ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிச் சிங்கத்துக்குத் தீனி போடப் போறியாடா?"

அப்பா அதிகம் பேச மாட்டார். "அவ மாமன் வீட்டுக்குத்தானண்ணே போறா" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை விமானத்தில் ஏற்றியது. இன்றுவரை வில்லாபுரத்தில் கேட்டால் நான் மாமா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீர்யானை பற்றி அம்மா யாரிடமும் சொல்வதில்லை. கடிதத்தில் கேட்பது இரண்டே கேள்வி: சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, எப்போது முடியும். அவனியாபுரத்தில் ஒரு வரன் காத்திருக்கிறதாம். எவ்வளவு நாள் காத்திருப்பான் என்று எழுதவில்லை.

இங்கே வந்ததும் அனுமதிச் சீட்டு வாங்குகிற படலம். அதில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். காட்டு விலங்குகளைக் கவனிக்கும் வேட்டைத் துறை அலுவலகத்தில் இன்றைக்கும் நான் மிஸ் இருளப்பன். அதே அலுவலகத்தில் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் வாகனத்தின் எண் கேட்டார்கள். சைக்கிள் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட முடியாது என்றார் அதிகாரி. வெளியே வந்து சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடலுக்குக் கீழே சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்து எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. மதுரையில் இருக்கும் எந்த அலுவலகத்திலும் அவரை அப்படியே கொண்டுபோய் உட்கார வைக்கலாம், ஒரு நாளில் பழகிவிடுவார்.

3

ஆராய்ச்சி நடக்கும் கிராமத்தில் ஒரு பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நம் தெருவில் 'ராஜா அம்மா' என்கிற மாதிரியே. அது எனக்குச் சுலபமாகப் போயிற்று. நான் தங்கியிருப்பது முதிந்தா அம்மாவின் வீட்டில். மிஷன் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் பேசுவார். எனக்குத் தெரிந்த டோங்கா காலை வணக்கத்தோடு சரி. அதிலும் ஆரம்பத்தில் தப்பு. காலையில் அவர்கள் 'எப்படி எழுந்தீர்கள்' என்று கேட்பார்கள். 'நல்லபடியாக' என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டும். நான் முதல் வாரம் முழுக்கக் கொசு கடித்தது, தலையணை உயரம் என்று உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் பொறுமையாக நின்று கேட்டார்கள்.

முதிந்தா அம்மா பேசுவது ஆங்கிலம் என்றாலும் என் காதில் அது எங்கள் தெருத் தமிழாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் கணவர் வடக்கே செம்புச் சுரங்கத்தில். இவருக்கு நாலு பிள்ளைகள். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரத்தில் ஈரம் நிற்கும். ஊர்த்தலைவர் அந்தக் கரையை அளந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார். அதில் மக்காச்சோளம், பூசணி, சர்க்கரைவள்ளி. அடுத்த மழைவரை அந்த வீடு சாப்பிடுவது அதிலிருந்துதான். போன வருஷம் ஒரே இரவில் ஒரு நீர்யானை அத்தனையையும் தின்றும் மிதித்தும் நாசமாக்கிவிட்டது. இடது முன்காலில் ஒரு விரல் குட்டையான ஆண். அதன் தடம் எனக்கு நன்றாகத் தெரியும். மொட்டைவிரல் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அதச் சுட்டுப்போடுங்கன்னு வேட்டைத் துறையில போய் நின்னேன்" என்றார் முதிந்தா அம்மா. "ஒரே மிருகம் திரும்பத் திரும்ப வருதுன்னு அத்தாட்சி கொண்டான்னுட்டாங்க. நீர்யானைகிட்டக் கையெழுத்தா வாங்க முடியும்? அப்பத்தான் நீ விளக்கமாத்தோட வந்த."

அதனால்தான் தன் தோட்டத்தைச் சுற்றிப் பெருக்க எனக்கு இடம் கொடுத்தார். என் ஆராய்ச்சிக்குத் தடம் வேண்டும். அவருடைய வழக்குக்கும் தடம் வேண்டும். நீர்யானையைச் சுட வேண்டுமா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தோட்டம் அவருடையது, பசியும் அவருடையது என்பதால் நான் அதிகம் வாதாடுவதில்லை.

அவர் தோட்டத்துக்கு அடுத்தது சோல்வே அம்மாவின் தோட்டம். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஓரகத்திகள் என்றால் உங்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் முதிந்தா அம்மாவின் தோட்டம் அழிந்தபோது சோல்வே அம்மாவின் தோட்டத்தில் ஒரு இலை அசையவில்லை. அதை அவர் ஒருநாள்கூட மறக்க விட்டதில்லை.

4

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளில் மசபுகாவுக்கு, மாமா வீட்டுக்குப் போவேன். சோறு, குளியல், தமிழ். சோப்புக்கும் சமையல் எண்ணெய்க்கும் கடையில் வரிசை நிற்கிற காலம் இது. அத்தை வரிசையில் நின்று வாங்கி வைத்த சோப்பில் பாதியை வெட்டி எனக்குக் கொடுப்பார். சாணி தெளிக்கிற விஷயத்தைச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன். மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது.

"ஏத்தா, ஊர்ல வாசத் தெளிக்க மாட்டேன்னு எங்கக்காகூட அம்புட்டு மல்லுக்கட்டுன. இப்ப கடல் தாண்டி வந்து நீர்யானைக்குத் தெளிக்கிறியாக்கும்?"

"தடம் நல்லா விழுகுது மாமா. கீரிப்பிள்ள நடந்தாக்கூடத் தெரியுது."

"கோலம் போட்டியா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"போட்டிருக்கா!" என்று அத்தை சிரித்தார்.

போட்டிருந்தேன். பட்டை எந்த மூலையில் தொடங்குகிறது என்று அடையாளம் வேண்டும். ஒரு கல்லை வைத்திருக்கலாம். தெளித்து முடித்ததும் கை தானாக அடுப்புச் சாம்பலை எடுத்து நாலு புள்ளியும் ஒரு சுழியும் போட்டுவிட்டது. அப்புறம் தினமும் போட்டேன்.

மாமா மகள் கவிதா இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேச மாட்டாள். அவளிடம் சாணி என்றால் என்னவென்று அத்தை விளக்கியதும் ஆங்கிலத்தில் கேட்டாள்: வீட்டு வாசலைச் சுத்தம் செய்வதற்கு மாட்டின் கழிவையா கொட்டுவார்கள்?

"மதினிகிட்ட மரியாதையாக் கேளுடி" என்றார் அத்தை. கவிதா என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அத்தைக்கு அது பெரிய வருத்தம். நான் வருகிற சனிக்கிழமைகளில் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு. 'இ' வரை வந்தோம். அதற்குள் வெளியே தோழிகள் டோங்காவில் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள். வாசலில் நின்று அவள் அவர்களோடு கத்திப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் முட்டிமோதியும் எனக்கு வராத மொழி. இவளைக் கூட்டிக்கொண்டு போனால் நல்ல மொழிபெயர்ப்பாளராக இருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தையிடம் சொல்லவில்லை.

5

தெளிக்க ஆரம்பித்த பிறகு முதிந்தா அம்மா தோட்டத்தில் தடங்கள் அச்சுப் போட்ட மாதிரி விழுந்தன. கீரி, முள்ளம்பன்றி, ஆடு, நாய், ஒரு தடவை மலைப்பாம்பு. மொட்டைவிரல் மட்டும் இல்லை. முதல் சில நாள் சந்தோஷப்பட்டேன். பிறகு சந்தேகப்பட்டேன். அது ஆற்றில்தான் இருந்தது; மாலையில் அதன் கனைப்பு கேட்கும். கரையேறும் பாதையில் அதன் தடமும் இருந்தது. தோட்டத்துக்கு நேராக வந்து, ஈரப் பட்டைக்கு ஒரு பத்தடி முன்னால் நின்று, அங்கேயே காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, கிழக்கே திரும்பிப் போயிருந்தது. மூன்று காலைகளில் அப்படிப் பார்த்தேன்.

கிழக்கே இருப்பது சோல்வே அம்மாவின் தோட்டம்.

நான்காம் நாள் காலையில் கூச்சல் கேட்டுப் போனபோது சோல்வே அம்மா உடைந்த மக்காச்சோளத் தட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சர்க்கரைவள்ளிப் பாத்தி உழுது போட்ட மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்ததும் டோங்காவில் ஏதோ சொன்னார். முதிந்தா அம்மா என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"தலைவர் வீட்டுல பேசிக்கலாம்னு சொல்றா."

6

ஊர்த்தலைவர் வீட்டு முன்னால், மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் கூடினார்கள். ஆண்கள் முக்காலிகளில், பெண்கள் தரையில். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்காரவும் சங்கடம், உட்காராமல் இருக்கவும் சங்கடம். தலைவர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். என்னுடைய மொழிபெயர்ப்பாளர் முதிந்தா அம்மா. அதாவது, யார் மேல் குற்றம் சாட்டுகிறார்களோ அவரே. வேறு யாரையாவது வைக்கலாமா என்று தலைவர் கேட்டார்.

"வேண்டாம். அவ சொல்றத நான் அப்படியே சொல்றேன்" என்றார் முதிந்தா அம்மா. சொன்னார்.

சோல்வே அம்மா எழுந்து நின்று கையை நீட்டி நீட்டிப் பேசினார். இவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இவ இந்தியாக்காரிகிட்ட மருந்து வாங்கி, தோட்டத்தச் சுத்திக் கட்டிட்டா. தெனமும் சாயங்காலம் அந்தப் பொண்ணு வாளியோட சுத்தி வருது, மூலையில சாம்பலால மந்திரம் எழுதுது, எங் கண்ணால பாத்தேன். அந்த மிருகம் இவ தோட்டத்துக்குப் போற மிருகம். அத எந் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டுட்டா. போன வருசம் எந் தோட்டம் நின்னுச்சு, இவளோடது போச்சு. அந்த வயித்தெரிச்சல். இவ சின்னப் புத்திக்காரி, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான்."

கடைசி வாக்கியத்தையும் விடவில்லை. அதே குரல்.

எனக்கு இதில் எதுவும் புதிதாக இல்லை. எங்கள் தெருவில் வாசலில் கிடந்த ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இதைவிடப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஆனால் இங்கே இது சண்டையோடு முடியாது. அடுத்தவர் தோட்டத்துக்குக் கெடுதல் செய்ய மருந்து வைத்தவர் என்று முடிவானால் ஆற்றோரத் துண்டைத் தலைவர் திரும்ப வாங்கிக்கொள்வார். நாலு பிள்ளைகள், மழைவரை சாப்பாடு, எல்லாம் அந்தத் துண்டில் இருக்கிறது.

தலைவர் என்னைப் பார்த்தார். "அந்த வாளியில் என்ன?"

"மாட்டுச் சாணியும் தண்ணீரும். உங்கள் பட்டியில் எடுத்ததுதான்."

"எதற்கு?"

"தடம் நன்றாக விழ. எங்கள் ஊரில் தினமும் வீட்டு வாசலில் தெளிப்போம்."

"உங்கள் ஊரிலும் நீர்யானை வருமா?"

"வராது. ஆற்றில் தண்ணீரே கிடையாது."

முதிந்தா அம்மா மாற்றிச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. சோல்வே அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"வெறும் சாணி என்கிறாய். அப்படியானால் அது ஏன் திரும்பிப் போனது?"

சாணி ஒன்றும் செய்யாது, அது தற்செயல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மூன்று காலைகள் பத்தடி முன்னால் நின்று திரும்பிய தடத்தை நான் பார்த்திருக்கிறேன். சாணிதான் தடுத்தது என்று சொன்னால், நீர்யானையைச் சோல்வே அம்மா பக்கம் திருப்பியது நாங்கள்தான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "வாசனையாக இருக்கலாம். ஈரமாக இருக்கலாம். அதற்குச் சோளம் அந்தப் பக்கம் ருசியாகவும் இருக்கலாம்."

"படிக்க வந்த பெண் தெரியாது என்கிறது" என்றார் ஒரு பெரியவர். மறுபடி சிரிப்பு. அதையும் முதிந்தா அம்மா எனக்கு மாற்றிச் சொன்னார்.

இரண்டு தோட்டத்துக்கும் தெளித்துவிடுகிறேன் என்றேன். உடனே அதற்கும் அப்பால் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்துவிட்டார்: "அப்ப அது எங்கிட்ட வரும். எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" சோல்வே அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. ரெண்டுக்கும் தெளித்தால் மருந்தா சாணியா என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்வி.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். நாளை மறுநாளிலிருந்து இந்த நிலா தேய்ந்து மறையும்வரை சாணி சோல்வே அம்மாவின் தோட்டத்துக்கு. முதிந்தா அம்மாவின் தோட்டத்துக்கு வெறும் பெருக்கல். நீர்யானை அங்கிருந்து விலகி முதிந்தா அம்மாவின் தோட்டத்துக்குள் போனால், அது யார் கையால் தெளித்தாலும் தடுக்கிற சாணி, மருந்து இல்லை. சோல்வே அம்மா மன்னிப்புக் கேட்டு, தன் தோட்டத்தில் மிச்சமிருப்பதில் பாதியைக் கொடுக்க வேண்டும். தெளித்த பிறகும் அது சோல்வே அம்மாவிடமே போய், முதிந்தா அம்மாவின் தோட்டத்தைத் தொடாமல் விட்டால், சாணியில் ஒன்றுமில்லை, வேறு ஏதோ கட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

முதிந்தா அம்மா கடைசி வார்த்தைவரை மாற்றிச் சொல்லிவிட்டு, பாவாடைத் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

7

திரும்பி நடக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே பரபரப்பு. இரண்டு இடங்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பதை தலைநகரில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறார். தலைவர் அதையே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டார். மூன்றாவதாக ஒரு தோட்டத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும் தெளித்தால் வாசனையா ஈரமா என்பதும் பிடிபடும், எழுந்து நின்று பேசிய அந்தப் பெண்ணைக் கேட்டுப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். முதிந்தா அம்மா தன் தோட்டத்துப் பக்கம் திரும்பி நடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: தன் பெயர் தப்ப வேண்டுமானால் அந்த மிருகம் தன் தோட்டத்துக்குள் வர வேண்டும் என்று அவர் விரும்பியாக வேண்டும்.

மறுநாள் மசபுகாவுக்குப் போய், மாமாவின் பள்ளியிலிருந்து பேராசிரியருக்குத் தொலைபேசினேன். சாணி என்றதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, சாணி தெளித்த நாட்களின் தடங்களை நீர்யானையின் இயல்பான நடமாட்டம் என்று கணக்கில் சேர்க்க முடியாது, தனியாக எடுத்து வை என்றார். மாற்றிப் போடுவதை ஒழுங்காகச் செய், இரண்டிலும் ஒரே நேரத்தில் பெருக்கு, கோலத்தை விடு என்றார். தோட்டம் யாருடையது என்று கேட்கவில்லை. நான் சொன்னேன். "அந்த அம்மா சம்மதித்தாரா?" என்று கேட்டார். அதற்குப் பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் சைக்கிளை வேகமாக மிதித்துத் திரும்பினேன்.

முதிந்தா அம்மா தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பூசணிகள் பழுத்து மஞ்சளாகக் கிடந்தன. மக்காச்சோளம் இன்னும் ஒரு வாரத்தில் ஒடிக்கலாம்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றேன். "தலைவர்கிட்ட நான் பேசுறேன்."

"வேண்டாம்னு சொன்னா மருந்து வச்சவளுன்னு ஆகும். அந்தப் பேரு எம் பொண்ணுக்குக் கல்யாணம் பேசுற வரைக்கும் வரும்."

"சரி, அப்ப பழுத்த பூசணிய மட்டுமாவது இன்னைக்கே பறிச்சு வீட்டுல வச்சிருவோம். நானும் தூக்குறேன். சோளத்துலயும் முத்துனத ஒடிச்சிரலாம்."

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பறிச்சுட்டா அது எதுக்கு வரும்?"

அவர் மறுபடி குனிந்து களை எடுத்தார். "நாளைக்கு எந் தோட்டத்த மொதல்ல பெருக்கு" என்றார். "அவளோடத அப்புறம் பாரு. சாணி தொட்ட கையோட இங்க வந்தீன்னா, அந்த வாசத்துக்கே அது திரும்பிப் போயிரும். அப்புறம் அவ வாயை யாரு மூடுறது?"

நாளைச் சாயங்காலம் அப்படித்தான். விளக்குமாறு இரண்டு வாங்கிவிட்டேன், தோட்டத்துக்கு ஒன்று. வாளியை அவர் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். முதலில் பூசணியைச் சுற்றிலும் வெறும் மண்ணைப் பெருக்குவேன். அதன் பிறகு அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சாணியைக் கரைப்பேன்.